மணிக்கட்டில் கட்டிய மீட்டர்

இந்த வாரம் பழைய நினைவு எதுவும் எழுதப் போவதில்லை. ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. என் இடது மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்தோடுதான் சண்டை.

போன தீபாவளிக்கு டாலஸிலிருந்து வந்த மகன் வாங்கி வந்து கட்டிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த எச்.எம்.டி. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அதற்குத் தினமும் காலையில் நான் சாவி கொடுப்பேன். இந்தப் புதுக் கடிகாரம் தினமும் காலையில் எனக்குச் சாவி கொடுக்கிறது. எத்தனை அடி நடந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், அதில் ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கு வைக்கிறது. கடைசி வரியில் எச்.ஆர்.வி. என்று ஓர் எண். அதன் பக்கத்தில் ஒரு வட்டம். பச்சையென்றால் நல்லது, ஆரஞ்சு என்றால் சுமார், சிவப்பு என்றால் மோசம்.

மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். எந்த எண்ணைக் கண்டாலும் நோட்டில் எழுதிவைப்பது கைப்பழக்கம். ஜனவரியில் என் எச்.ஆர்.வி. சராசரி 34. பிப்ரவரியில் 33. மார்ச்சில் 31, ஏப்ரலில் 28, மே மாதம் 24, ஜூனில் 22. வட்டம் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்குப் போய், சிவப்பில் நின்றது.

அந்த எண் என் வீட்டில் செய்த வேலையைச் சொல்கிறேன்.

மகன் வாரம் இரண்டு முறை பேசுவான். முன்பெல்லாம் "சாப்டீங்களாப்பா, கொள்ளிடத்துல தண்ணி வந்துடுச்சா, மாடி வீட்டுக்காரர் வாடகை குடுத்தாரா" என்று ஊர்க்கதை ஓடும். இப்போது என் கடிகாரத்தின் கணக்கு அவன் போனிலும் தெரிகிறது. எடுத்தவுடன், "அப்பா, உங்க எச்.ஆர்.வி. இருபத்திரண்டுக்கு வந்திருக்கு. டாக்டரைப் பாத்தீங்களா?" என்பான். நான் இல்லை என்றால் அவனுக்குக் கோபம் வரும், பார்க்கிறேன் என்றால் எனக்கு வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கை தானாகப் போனைத் தேடும். இன்றைக்கு எவ்வளவு? இருபத்தொன்றா? அப்புறம் தூக்கம் எங்கே வரும்? தூங்காவிட்டால் மறுநாள் எண் இன்னும் இறங்கும். இறங்கினால் மறுநாளும் தூக்கம் வராது. என் மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏங்க, ராத்திரி பூரா கையையே பாத்துக்கிட்டிருந்தா தூக்கம் எப்படி வரும்? அதைக் கழட்டி வச்சுட்டுப் படுங்க" என்றாள். கழற்றினால் அன்றைய கணக்கு விட்டுப்போகுமே என்று நான் கழற்றவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. சிவப்பு வட்டத்தின் கீழே, "இன்று ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி வரும். நானும் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் காலை நடையை நிறுத்தினேன். மாதம் ஒருமுறை சங்கடஹர சதுர்த்திக்கு மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நானூறுக்கு மேற்பட்ட படி ஏறுகிறவன், அந்த மாதம் கீழே மாணிக்க விநாயகரோடு திரும்பிவிட்டேன். நெஞ்சு வலி கிடையாது, மூச்சு வாங்கவும் இல்லை. கடிகாரம் சொன்னது என்பதற்காகத் திரும்பினேன்.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த பையன், "சார், உங்க ஏஜுக்கு ஹார்ட் பேக்கேஜே எடுத்துடுங்க" என்றான். எடுத்தேன். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ரத்தம், சிறுநீர் எல்லாம் சேர்த்து 8,400 ரூபாய். பளபளப்பான ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அந்த எண் ஏன் இறங்கியது என்று கேட்டேன். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. நான் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் என்னுள் இருந்த பழைய மீட்டர்க்காரன் விழித்துக்கொண்டான்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. மீட்டரைச் சோதிக்காமல் நுகர்வோரைக் குற்றம் சொல்லாதே. ஒரு வீட்டில் திடீரென்று யூனிட் குறைந்தால் உடனே திருட்டு என்று எழுதக் கூடாது. மீட்டர் நின்றுபோயிருக்கலாம், வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கலாம். பழைய தட்டு மீட்டர்களில் லோடே இல்லாமல் தட்டு மெல்லச் சுற்றும் வியாதிகூட உண்டு. முதலில் ஸ்டாண்டர்டு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மனிதனைக் கேள்வி கேட்க வேண்டும். என் விஷயத்தில் எல்லாரும், நான் உட்பட, மீட்டரை நம்பி மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

ஆகவே இப்போது மீட்டரைக் கூண்டில் ஏற்றுகிறேன்.

முதலில் இந்த எச்.ஆர்.வி. என்றால் என்ன? நிமிஷத்துக்கு அறுபது துடிப்பு என்றால் சரியாக விநாடிக்கு ஒன்று துடிக்கிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு பிடித்துப் பிடித்து விடுகிற பிரேக்தான் காரணம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதுதான் எச்.ஆர்.வி.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு இடைவெளிகள் 1000, 1040, 1010, 1030 மில்லி விநாடி என்று வையுங்கள். அடுத்தடுத்த வித்தியாசம் 40, 30, 20. இவற்றின் வர்க்கம் 1600, 900, 400. கூட்டினால் 2900. மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 31. பெரும்பாலான கடிகாரங்கள் ராத்திரி முழுக்க உங்கள் தூக்கத்தில் போடுகிற கணக்கு இதுதான். ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்று பெயர்.

விஷயம் பொய்யில்லை. பிரசவ அறையில் தாயின் வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் ஓடவிடுவார்களே, அதில் டாக்டர்கள் பார்ப்பவற்றில் இந்த ஏற்ற இறக்கமும் ஒன்று. கோடு ஏற்ற இறக்கமின்றித் தட்டையாகப் போனால் கவலைப்படுவார்கள். 1960களிலிருந்தே இது தெரியும். 1987-இல் அமெரிக்காவில் கிளைகர் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு 24 மணி நேரம் இ.சி.ஜி. பதிவுக் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கம் 50 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தவர்கள், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இறப்பு அபாயத்தில் இருந்தார்கள். நேர்மையான ஆராய்ச்சி. இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர்கள் பார்த்தது மாரடைப்பு வந்தவர்களை. அளந்தது மார்பில் ஒட்டிய மின்முனைகளால், 24 மணி நேரம். அவர்கள் போட்ட கணக்கும் வேறு, எஸ்.டி.என்.என். என்று அதற்குப் பெயர். மாரடைப்பே வராத நான், மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடிக்கிற கடிகாரத்தைக் கட்டி, தூக்கத்தில் வேறொரு சூத்திரத்தால் எடுத்த 22 என்ற எண்ணை, அந்த 50-க்குப் பக்கத்தில் வைத்து நடுங்கினால், அது கிலோவாட்டையும் குதிரைத்திறனையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுவது மாதிரி.

அந்தப் பச்சை வெளிச்சத்தின் கதையும் கேளுங்கள். இ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தைப் பிடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசிமுனை மாதிரி ஓர் உச்சி கிடைக்கும், எங்கே என்று துல்லியமாகக் குறிக்கலாம். கடிகாரம் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதை வெளிச்சத்தால் பார்க்கிறது. அந்த அலையின் உச்சி வட்டமானது, மண்மேடு மாதிரி. மண்மேட்டின் உச்சிப் புள்ளி இதுதான் என்று மில்லி விநாடிக் கணக்கில் குறிக்கச் சொன்னால் கொஞ்சம் முன்பின் ஆகத்தான் செய்யும். பட்டை தளர்ந்தால் ஆகும், கை அசைந்தால் ஆகும், குளிரில் கை சில்லிட்டால் ஆகும். திருச்சி வெயிலில் வேர்க்குரு வந்ததால் ஏப்ரலிலிருந்து நானே பட்டையை இரண்டு துளை தளர்த்தித்தான் கட்டியிருந்தேன்!

நாங்கள் பொருத்திய ஒவ்வொரு மீட்டரின் முகத்திலும் அதன் பிழை அளவு எழுதியிருக்கும். கிளாஸ் 2 என்றால், முறையான லோடில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பிழை போகக் கூடாது. எட்டாம் வகுப்பு படித்தவர் வீட்டு மீட்டரிலும் அது உண்டு. பல ஆயிரம் ரூபாய்க் கடிகாரத்தில் எச்.ஆர்.வி. எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் இவ்வளவு என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா? என் கடிகாரத்தில் தேடிவிட்டேன். "இது மருத்துவக் கருவி அல்ல" என்ற வரி மட்டும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. மருத்துவக் கருவி இல்லையென்றால் சிவப்பு வட்டம் எதற்கு? பயமுறுத்தும்போது டாக்டர், பொறுப்பு கேட்டால் பொம்மையா?

அடுத்து ஒப்பிடுகிற பைத்தியம். எங்கள் காலனிப் பூங்காவில் காலை நடைக்கு வருகிற ஆறேழு பேரில் நாலு பேர் கையில் இப்போது கடிகாரம். நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பரீட்சை மார்க் கேட்கிற மாதிரி, "உங்களுக்கு எவ்வளவு சார்?" ஒருவர் கையில் ஆப்பிள், அது காட்டுவது எஸ்.டி.என்.என். இன்னொருவர் கையில் ஃபிட்பிட், அது காட்டுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. இரண்டுக்கும் பெயர் எச்.ஆர்.வி.தான். அலகும் மில்லி விநாடிதான். ஆனால் ஒன்று படி, மற்றது மரக்கால். அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும், வயது ஏற ஏற இறங்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இருபதுகளில் இருப்பது சர்வசாதாரணம். எங்கள் கூட்டத்தில் மிகக் குறைந்த எண், 19, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு. வயது 78. எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடக்கிறவர் அவர்தான். "பத்தொன்பதுன்னா ஃபெயில் இல்லையா சார்?" என்று சிரிப்பார்.

மிக அதிக எண் வைத்திருந்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது 71. அவருடைய எண் 60-லிருந்து 80 ஆகி, 96 ஆனது. எங்கள் எல்லாருக்கும் இறங்குகிறது, அவருக்கு மட்டும் ஏறுகிறது. பெஞ்சில் அவருக்கு "இளைஞர்" என்றே பெயர் வைத்துவிட்டோம். நானும் பொறாமைப்பட்டேன், ஒளிப்பானேன். மாடிப்படி ஏறினால் களைப்பாக இருக்கிறது, சில நேரம் நெஞ்சில் படபடவென்று புறா சிறகடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். டாக்டரைப் பாருங்களேன் என்றேன். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "பச்சை சார். எனக்கு என்ன?"

ஜூலை மாதம் ஒரு காலை. காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்குக் கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மருமகள் கெட்டிக்காரப் பெண், ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். பக்கவாதம். இ.சி.ஜி. எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிற கோளாறு. அப்போது உள்ளே ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

துடிப்பு தாறுமாறாகப் போனால் இடைவெளிகளின் வித்தியாசம் என்ன ஆகும்? மேலே போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1000-க்குப் பிறகு 600, அதன் பிறகு 900, அப்புறம் 700 என்று வந்தால் எண் எங்கேயோ போகும். வேகஸ் நரம்பின் ஆரோக்கியத்தால் எண் ஏறினாலும், இதயம் தாளம் தப்பி ஏறினாலும், இந்தக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். சில கருவிகள் தாறுமாறான துடிப்பை வடிகட்டிவிடும், எல்லாம் அப்படி இல்லை. அவருடையது பச்சை காட்டிக்கொண்டே இருந்தது.

பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் சரியாக வரவில்லை. கையெழுத்து பொருந்தவில்லை என்று எத்தனையோ காசோலைகளைத் திருப்பி அனுப்பிய மனிதர், தான் வேலை பார்த்த கிளையிலேயே இடது கையால் கையெழுத்துப் போட்டு, புதிய மாதிரிக் கையெழுத்துப் படிவம் கொடுத்தார். கூடப் போனவன் நான். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

அவருடைய நாடியில் விரல் வைத்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் எந்த டாக்டருக்கும் சந்தேகம் வந்திருக்கும். காசு செலவில்லாத சோதனை. அவர் போகாததற்குக் காரணம், மணிக்கட்டில் ஒரு பச்சை வட்டம் இருந்தது. என்னை ஒரு சிவப்பு வட்டம் வீணாக ஓடவிட்டது, அவரை ஒரு பச்சை வட்டம் ஓடவிடாமல் உட்காரவைத்தது. இரண்டில் எது பெரிய பாவம் என்று நீங்களே சொல்லுங்கள்.

"எல்லாக் கடிகாரமும் மோசம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். மகனும் கேட்டான். இல்லை. தாளம் தப்புவதைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனி வசதி சில கடிகாரங்களில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆப்பிள் கடிகாரத்தை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் 4,19,000-க்கும் மேல். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அப்படி வந்தவர்களில் இ.சி.ஜி. பட்டையை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்தால், 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. இதை நான் மதிக்கிறேன். என்ன கண்டுபிடிக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னார்கள், ஸ்டாண்டர்டு மீட்டரோடு ஒப்பிட்டார்கள், தவறியதையும் சேர்த்து எண்ணை வெளியிட்டார்கள். எங்கள் சோதனைச்சாலை முறையும் இதுதான். என் நண்பர் கடிகாரத்தில் அந்த வசதி இல்லை. எச்.ஆர்.வி. வட்டம்தான் இருந்தது.

என் எண் ஏன் இறங்கியது என்ற கதைக்கு வருகிறேன். கடைசியில் எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனேன். முப்பது வருஷப் பழக்கம். பளபள ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "மாத்திரை டப்பாவைக் கொண்டாந்தீங்களா?" என்றார். அவருக்கு அதுதான் முதல் கேள்வி. டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர் ஓர் அட்டையைத் தனியே வைத்தார். அமிட்ரிப்டிலின். எனக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. பாதம் எரிகிறது என்று போன மார்ச்சில் வேறொரு டாக்டர் ராத்திரிக்கு 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், மே மாதம் 25 ஆக்கினார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார் எங்கள் டாக்டர். மார்ச்சில் இறக்கம் ஆரம்பம், மே மாதம் பெரிய சறுக்கல்.

"இந்த மாத்திரை வேகஸ் நரம்போட வேலையைக் கொஞ்சம் அமுக்கும் சார். உங்க நம்பர் இறங்கினதுல இதுக்குப் பங்கு உண்டு. அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, நான் பாத்துக் குறைக்கிறேன்" என்றார்.

அத்தோடு விடவில்லை. பாத எரிச்சல் இருப்பதால் இதயத்துக்குப் போகிற நரம்பையும் பார்த்துவிடலாம் என்றார். இ.சி.ஜி.யை ஓடவிட்டு ஒரு நிமிஷம், ஐந்து விநாடி மூச்சை இழுத்து ஐந்து விநாடி விடச் சொன்னார், ஆறு முறை. இழுக்கும்போதும் விடும்போதும் துடிப்பில் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டார். 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் நரம்பு பாதிப்பு. எனக்கு 12. படுக்கவைத்தும், எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிஷம் கழித்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் எண் 142 இருந்தது 126 ஆனது. 20 இறங்கினால் கவலை என்றார், எனக்கு 16. இரண்டுமே இரண்டுங்கெட்டான். எடின்பரோவில் ஈவிங் என்ற டாக்டர் அரை நூற்றாண்டுக்கு முன்பே வகுத்துக் கொடுத்த சோதனைகளாம். பீஸ் 300 ரூபாய்.

"சர்க்கரை நரம்பைத் தொட ஆரம்பிச்சிருக்கு. ரொம்பப் போனா மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாது. சர்க்கரையைக் கொண்டாங்க கீழே. நடையை ஏன் விட்டீங்க?" என்றார்.

கடிகாரம் ஓய்வெடுக்கச் சொன்னது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4. இதைக் குறைக்க நடக்க வேண்டியவனை, ஓய்வெடு என்று மூன்று வாரம் நாற்காலியில் உட்காரவைத்தது அந்தச் சிவப்பு வட்டம்.

மகனிடம் சொன்னேன். உடனே, "பாத்தீங்களா அப்பா, வாட்ச் சொன்னது சரிதானே? ஏதோ இருந்ததுல்ல?" என்றான். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், எண் இறங்கியது உண்மை. ஆனால் என் பாதம் ஒரு வருஷமாக எரிகிறது. 8.4 என்ற ரிப்போர்ட் வீட்டிலேயே கிடக்கிறது. இரண்டையும் நான் கண்டுகொள்ளவில்லை, நீயும் கேட்கவில்லை. வட்டம் சிவந்தபோதுதான் இருவரும் பதறினோம். பாதத்துக்கு வண்ண வட்டம் கிடையாது என்பதால் அது சொன்னது பொய்யாகிவிடுமா? கடிகாரத்துக்கு என் மாத்திரை தெரியாது, என் சர்க்கரை தெரியாது, பட்டை தளர்ந்தது தெரியாது, கோடை தெரியாது. ஜனவரி யூனிட்டையும் மே மாத யூனிட்டையும் ஒப்பிட்டு, ஏன் கூடியது என்று கேட்கிற கணக்கீட்டாளரை நாங்கள் சிரித்து அனுப்புவோம். போன மே மாதத்தோடு ஒப்பிடு என்போம். காய்ச்சல் வந்தாலும், ராத்திரி தாமதமாகச் சாப்பிட்டாலும், தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், ஒரு பெக் போட்டாலும் இந்த எண் இறங்கும். இறங்கியது என்று மட்டும் சொல்லும் கருவி, என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை போடக் கூடாது. என் வழக்கே இவ்வளவுதான்.

கடிகாரம் செய்கிறவர்களுக்கு இது போய்ச் சேராது. சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

என் வயதுக்காரர்களே, கடிகாரம் இருந்தால் இருக்கட்டும். ஒருநாள் எண்ணைப் பார்க்காதீர்கள், மாதச் சராசரியைப் பாருங்கள். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால், புதிய மாத்திரை என்ன, சர்க்கரை எப்படி, தூக்கம் எப்படி, பட்டை எந்தத் துளையில் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு, உங்களைத் தெரிந்த டாக்டரிடம் போங்கள். பேக்கேஜ் பிறகு. சர்க்கரைக்காரர்கள் அந்த மூச்சுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சு அழுத்தமோ, மூச்சுத் திணறலோ, படபடப்போ, மயக்கமோ, வாய் கோணலோ வந்தால் கடிகாரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது பச்சை காட்டினாலும் கிளம்புங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் அன்பால்தான் வாங்கிக் கொடுக்கிறீர்கள், தெரியும். இங்கே வந்து பக்கத்தில் உட்கார முடியாத குறைக்கு மணிக்கட்டில் ஏதோ ஒன்றைக் கட்டிவிட்டுப் போகிறீர்கள். ஆனால் அந்த எண் உங்கள் அப்பா இல்லை. "கால் எரிச்சல் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால் உங்கள் செயலி ஒரு மாதத்தில் சொல்லாததை அவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இப்போது என் நிலவரம். மாத்திரை மறுபடி பத்தாகிவிட்டது. நடையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். பட்டையைச் சரியான துளையில் போட்டிருக்கிறேன். எண் 26, 27 என்று நிற்கிறது. எதனால் ஏறியது என்று கேட்டால், மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியவன் நான், பிரித்துச் சொல்ல முடியாது. சோதனைப் பிரிவில் இப்படிச் செய்திருந்தால் மெமோ வாங்கியிருப்பேன். ராத்திரி படுக்கும்போது போனை ஹாலில் வைத்துவிடுகிறேன். மகனிடம் சொல்லி, அவன் போனில் என் கணக்கு தெரிவதையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டான். அப்புறம் நிறுத்திவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவன், எடுத்தவுடன், "அப்பா, கொள்ளிடத்துல தண்ணி வந்துடுச்சா?" என்றான். வந்துவிட்டது என்றேன். முக்கால் மணி நேரம் பேசினோம்.

வங்கி நண்பர் இப்போது மெல்ல நடக்கிறார், இடது கையில் தடியோடு. வரும் சதுர்த்திக்கு மாணிக்க விநாயகர் வரை அவரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உச்சிக்கு நான் மட்டும் ஏறி, அவர் பெயரிலும் அர்ச்சனை செய்துவிட்டு இறங்குவேன். தலைமையாசிரியரும் வருகிறேன் என்றிருக்கிறார், அதே பத்தொன்பதோடு.